எச்சில் தொட்டி கழுவுகிறவள்

இத்தாலியில் நெபியோலோ திராட்சை விளைகிற ஒரு மலைச்சரிவில் ஒட்டாவியோ என்று ஒரு பிரபு இருந்தார். தன் தோட்டத்துச் சிவப்பு வைனுக்கு ஈடே கிடையாது என்று பீற்றிக்கொள்வார். வைனை ருசி பார்க்கிறவர்கள் வாயில் வைத்துக் கொப்பளித்துவிட்டுத் தொட்டியில் துப்பிவிடுவது அங்கே வழக்கம். பிரபுவின் தொட்டியைக் கழுவுகிறவள் நுன்சியா.

அறுவடை விருந்தில் அவள் எழுந்து, "ஐயா, கூலியாட்களுக்கு வருஷா வருஷம் குடுக்கிற ஒரு ஜாடி வைனை நிறுத்திட்டீங்களே?" என்று கேட்டாள்.

"ருசி தெரியாத நாக்குக்கு வைன் எதுக்கு?" என்றார் பிரபு. "நம்ம வைனையும் பக்கத்துத் தோட்டத்து வைனையும் விருந்துக்கு வந்திருக்கிற பாதிரியார் ஊற்றித் தருவார். எது நம்முடையதுன்னு சரியாச் சொன்னா ஜாடி உண்டு. தப்பாச் சொன்னா உனக்கு வேலை இல்லை."

பாதிரியார் புட்டிகளைத் துணியால் மூடி, இருவருக்கும் ஒரே வரிசையில் இரண்டிரண்டு கோப்பை ஊற்றினார். எப்படி ருசிப்பது என்று பிரபுவே முதலில் செய்து காட்டினார். முதல் கோப்பையில் செர்ரிப் பழம் மணக்கிறது என்றார். இரண்டாவதில் காய்ந்த ரோஜா என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

நுன்சியா தன் கோப்பைகளைத் தொடவே இல்லை. "முதல் கோப்பைதான் நம்ம வைன்" என்றாள்.

"குடிக்காமலே எப்படிச் சொல்றே?"

"நம்ம வைனை நீங்க தினமும் துப்புறீங்க, நான்தானே கழுவுறேன். இப்பவும் முதல் கோப்பையைத் துப்பினீங்க. இரண்டாவது தொட்டிக்கு வந்து சேரவே இல்லையே ஐயா!"

பாதிரியார் துணியை விலக்கினார். முதல் புட்டியில் பிரபுவின் முத்திரை இருந்தது. விருந்தாளிகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

"சரி, ஜாடி உண்டு, போ" என்று முனகினார் பிரபு.

"சந்தோஷம் ஐயா. அதைப் பக்கத்துத் தோட்டத்திலேருந்தே வரவழைச்சிடுங்க."