‘விடு’ என்றால் விடு

செங்கோடன் பட்டாளத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியின் கபடி அணிக்கு உதவியாளராக வந்து சேர்ந்தார். பயிற்சியாளர் மங்கையர்க்கரசி அவரைவிட வயதில் மிகவும் இளையவர். ஆனாலும் வந்த அன்றே, “எனக்குப் பட்டாளத்து ஆளுங்களை மட்டுந்தான் தெரியும். இங்க எப்படின்னு நீங்கதான் கத்துக்கொடுக்கணுங்க டீச்சர்” என்றார்.

அணியில் கௌசிகா என்றொரு பெண். அவள் ‘கபடி கபடி’ என்று பாடிப் போனால் எதிரணி பின்கோட்டோடு ஒட்டி நிற்கும். ஆனால் பின்னாலிருந்து யாராவது இடுப்பைப் பிடித்துவிட்டால் போதும், மரக்கட்டையாய் விறைத்து, தலையைக் கைகளால் மூடிச் சுருண்டுவிடுவாள்.

டீச்சர் வெளியூர் போயிருந்த ஒரு மாலை, செங்கோடன் அணியிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டார்.

“அவளை மறுபடி மறுபடி பிடிங்க. பிடிச்சுப் பிடிச்சுத்தான் பயம் தெளியும்.”

பிடித்தார்கள். கௌசிகா கத்தவும் இல்லை, அழவும் இல்லை. மறுநாள் களத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் காணோம்.

டீச்சர் திரும்பியதும் செங்கோடன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

“அவளுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுங்க டீச்சர்? தெரிஞ்சிருந்தா இப்படிச் செஞ்சிருக்க மாட்டேன்.”

“எனக்கும் தெரியாதுங்ணா.”

“நீங்க கேட்கலீங்களா?”

“அவ சொல்லலை.”

“போய் மன்னிப்புக் கேட்கட்டுங்களா?”

“கேளுங்க. கேட்டுட்டு வந்துடுங்க. பதிலுக்கு நிக்காதீங்க.”

அவர் போனார். விடுதி வாசலில் தள்ளியே நின்று, “தப்பு என்னுதும்மா. இனிமே நடக்காது” என்றார். உள்ளே உட்கார்ந்திருந்த கௌசிகா நிமிரவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

மறுநாள் கௌசிகா களத்துக்கு வெளியே வந்து நின்றாள். டீச்சர் அவளைக் கூப்பிடவில்லை. எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார்.

“இன்னையிலிருந்து யாரைப் பிடிச்சாலும் சரி, அவங்க ‘விடு’ன்னா அந்த நொடியே கையை எடுத்துடணும். ஏன்னு கேட்கக் கூடாது. முதல்ல என்னைப் பிடிங்க.”

டீச்சரே பாடிப் போனார். கூட்டமாக அமுக்கினார்கள்.

“விடு.”

அத்தனை கைகளும் விலகின.

கொஞ்ச நேரம் கழித்துக் கௌசிகா கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். விரல் பட்டதுமே “விடு” என்றாள். விட்டார்கள். பல நாள் அப்படியே போனது. பிறகு அந்தச் சொல் கொஞ்சம் தாமதமாக வரத் தொடங்கியது. சில நாள் வரவே இல்லை.

செங்கோடனுக்கு ஒரு சந்தேகம்.

“போட்டியில பாட்டை நிறுத்திட்டு ‘விடு’ன்னா அவுட்டுங்களே டீச்சர்?”

“ஆமாங்ணா.”

டீச்சர் அடுத்தவளைப் பாடிப் போகச் சொன்னார்.

மாவட்டப் போட்டியின் அரையிறுதி. கடைசிப் பாட்டு கௌசிகாவினுடையது. ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது இரண்டு பேர் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார்கள். நடுக்கோடு விரல் நுனிக்கு எதிரே இருந்தது.

“கபடி கபடி” நின்றது.

“விடு!”

விசில் ஊதியது. அந்த ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

கௌசிகா தானே எழுந்தாள். பிடித்த பெண்களுக்குக் கை கொடுத்தாள். முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்து தண்ணீர் கேட்டாள்.

அவள் நகர்ந்ததும் செங்கோடன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஒரு சாணுங்க டீச்சர். மூச்சைப் பிடிச்சுக் கையை நீட்டியிருந்தா ஜெயிச்சிருப்போம். நாம பழக்கின சொல்லே நம்மளைத் தோக்கடிச்சுடுச்சுங்களே?”

“தோத்துட்டோங்ணா. இவ்வளவு இரைச்சல்ல, அவ சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?”

“நல்லாவே கேட்டுச்சுங்க. கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.”

“இந்த வருஷத்துக்கு அது போதுங்ணா.”