எறும்புகள் நின்று தலை முட்டுவது ஏன்?

அந்தக் காலத்தில், எறும்புக்கும் பேச்சு இருந்தபோது, ஓடைக்கரைப் புற்றொன்றில் ஒருநாள் கூடியிருந்தவர்கள் இவர்கள்: தாயெறும்பு, தானியம் காக்கும் நெடுங்காலி, மண் தோண்டும் வெட்டுவாய், சுமை தூக்கிகள் நாற்பது பேர், இன்னும் கால் முளைக்காத குஞ்சுகள் இருபது.

புற்றுக்கு ஒரே களஞ்சியம். எது எங்கே இருக்கிறது என்பது நெடுங்காலி ஒருத்திக்குத்தான் மனப்பாடம். ஒரு தினை வெளியே போவதென்றாலும் அவள் சொல்ல வேண்டும்.

"உன் சொல்லுக்குக் காத்துக் காத்து ஆறு காலும் மரத்துப்போச்சுக்கா" என்றாள் வெட்டுவாய். "மழை வேற வருது. தண்ணி உள்ளே வந்தா மொத்தமும் போச்சு. ஏழு அறையாப் பிரிச்சு வை."

"பிரிச்சா எது எங்கேன்னு யாருக்குடி தெரியும்?"

"அந்தந்த அறைக்காரிக்குத் தெரியும். எல்லாத்தையும் நீயே சுமந்தா உன் இத்தினியூண்டு தலை வெடிச்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நெடுங்காலிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் களஞ்சியச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். தானியத்தை ஏழு அறைகளாகப் பங்கிட்டு, அறைக்கு ஒருத்தியைப் பொறுப்பு வைத்தாள்.

மறுநாளே ஓடை பெருகியது. மூன்று அறைகள் மூழ்கின, நான்கு தப்பின. வெட்டுவாய் துள்ளிக் குதித்தாள். காத்து நிற்பதும் ஒழிந்தது. கேட்ட இடத்தில் கேட்டது கிடைத்தது.

குஞ்சுகளுக்கு யார் ஊட்டுவது என்பதை மட்டும் ஒருவரும் பேசிவைக்கவில்லை. முன்பெல்லாம் நெடுங்காலி சொன்னவள் ஊட்டுவாள். இப்போது கீழறைக்காரி கொடுத்திருப்பாள் என்று மேலறைக்காரி நினைத்தாள். மேலே கொடுத்திருப்பார்கள் என்று கீழே நினைத்தார்கள். நான்கு அறையிலும் தானியம் நிறைந்திருக்க, குஞ்சறையில் அழுகை ஓய்ந்துவிட்டது. நெடுங்காலி ஓடிப்போய்த் தொட்டபோது மூன்று குஞ்சுகள் சில்லிட்டுக் கிடந்தன.

"அவங்க கொடுத்தாங்கன்னு நான்..." என்று ஆளாளுக்குத் தொடங்கினார்கள்.

"பழையபடி ஒண்ணாக்கிடலாம்கா" என்றாள் வெட்டுவாய், தலை நிமிராமல்.

"ஒண்ணாக்கினா அடுத்த வெள்ளத்துக்கு நாம ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம்டி" என்றாள் நெடுங்காலி. " அறைங்க இப்படியே இருக்கட்டும். ஆனா வழியில ஒருத்தியைப் பார்த்தா சும்மா போகக் கூடாது. நின்னு, தலையோட தலை வச்சு, கொடுத்ததையும் கொடுக்காததையும் சொல்லிட்டுத்தான் நகரணும்."

"எதிர்ல வர்ற ஒவ்வொருத்திகிட்டயுமா? பொழுது போயிடுமே!"

"போகட்டும்."

மிச்சக் குஞ்சுகளுக்கு அவளே முதல் வாய் ஊட்டினாள்.

அன்று முதல்தான் வரிசையில் போகும் எறும்புகள், சுமை எவ்வளவு கனத்தாலும், எதிரே வருபவளிடம் ஒரு கணம் நின்று தலை முட்டிவிட்டுப் போகின்றன. அந்தப் புற்றில் மிஞ்சிய குஞ்சுகள் பதினேழு.