தூங்கும் முகம்

பேச்சியம்மாளின் செல்போன் ரிப்பேர் கடை இருந்த கட்டடம் அரிசி ஆலை முதலாளி தணிகாசலத்துக்குச் சொந்தம். ஒரு நாள் காலையில் அவரே வந்து மேஜைமேல் ஒரு போனை வைத்தார்.

"என் போன்தான். லாக் ஆயிருச்சு. பத்து நிமிஷத்துல திறக்கணும். முடியலைன்னா நாளைக்கே கடையைக் காலி பண்ணிரு."

பேச்சியம்மாள் போனை அடையாளம் கண்டுகொண்டாள். போன வாரம் அதை எடுத்து வந்தது அவருடைய மனைவி. ஆனால் நான்கு பேர் காத்திருக்கும்போது, பொய் சொல்கிறீர்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு அந்த ஊரில் கடை நடத்த முடியாது.

"உங்க போன்னா சுலபம்ங்க ஐயா. முகத்துக்கு நேராப் பிடிங்க. தூங்குற முகமா இருந்தாக்கூடத் திறந்துரும்."

"எனக்கே கதை சொல்றியா? தூங்கும்போது பிடிச்சுப் பாத்தாச்சு. திறக்கலை."

காத்திருந்த நான்கு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு தூங்கும்போதுங்க ஐயா?"

தணிகாசலம் போனுக்குக் கை நீட்டினார். அதற்குள் பேச்சியம்மாள் அதை எடுத்து டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"கண்ணு முழிச்சுப் பாத்தாத்தான் திறக்கணும்னு உங்க வீட்டு அக்கா போன வாரம் எங்கிட்ட கேட்டு வச்சுக்கிட்டாங்க. ஏன்னு அன்னைக்குப் புரியலை. போனை அவங்களே வந்து வாங்கிக்கட்டும்."