பாலத்தில் மாலை ஆறு மணி

"இந்தக் கை நடுக்கம் நிக்கதுக்கு ஒரு மந்திரம் சொல்லுங்கம்மா."

ஆவுடையப்பன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வருஷம் மினிபஸ் ஓட்டியவர். அந்தப் பதினெட்டு வருஷமும் குடித்தவர். அன்று காலையில் முதலாளியிடம் போய், இனி வண்டி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு நேராக இங்கே வந்திருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த உலகம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆற்றங்கரையில் ஒரு சித்தர் சமாதி, அதை ஒட்டி மூன்று அறைகள். அங்கே தனியாக இருந்தார். குடியை விட முடியாதவர்கள் அவரைத் தேடி வருவதுண்டு.

"கடைசியா எப்பக் குடிச்சீங்க அண்ணாச்சி?"

"நேத்து மத்தியானம். இனி தொட மாட்டேன்."

"முன்னால எப்பவாவது விட்டுப் பாத்திருக்கீங்களா?"

"ஒரு தடவ. ரெண்டாம் நாள் வலிப்பு வந்துட்டு."

உலகம்மை எழுந்துகொண்டார்.

"வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"நான் மந்திரம்லா கேட்டேன்?"

"உயிரோட வந்து கேளுங்க."

இந்தக் கரையிலேயே அரசு ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே ஐந்து நாள் படுக்க வைத்தார்கள்.

இரண்டாம் நாள், கையில் சொருகியிருந்த குழாய் நெடுக எறும்புகள் ஏறி வருவதை ஆவுடையப்பன் பார்த்தார். தட்டிவிட்டார். மேலும் மேலும் வந்தன.

"எறும்பு ஏறுதும்மா. செவ்வெறும்பு."

உலகம்மை கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"என் கண்ணுக்குத் தெரியல அண்ணாச்சி."

"எனக்குத் தெரியுதே."

"சரி. நான் இங்கதான் இருக்கேன்."

நர்ஸ் வந்து ஊசி போட்டார். எறும்புகள் போயின. உலகம்மை போகவில்லை.

ஆறாம் நாள் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, வாரம் ஒருமுறை வரச் சொல்லி அனுப்பினார். சமாதிக்குத் திரும்பும்போது கை நடுக்கம் அநேகமாக நின்றிருந்தது. கண்டம் தாண்டிவிட்டோம் என்று ஆவுடையப்பன் நினைத்தார்.

தாண்டவில்லை என்பது அன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

ஆறு மணிக்கு அவருக்கு வேலை முடியும். வண்டியை அடுத்த டிரைவரிடம் கொடுத்துவிட்டு நேரே மதுக்கடைக்குப் போவார். பதினெட்டு வருஷத்துப் பழக்கம். கடிகாரம் பார்க்காமலே உடம்பு மணி சொன்னது. ஐந்தரைக்கு நாக்கு வறண்டது. நெஞ்சுக்குள் யாரோ ஓடிக்கொண்டே இருந்தார்கள். உட்கார்ந்தார், எழுந்தார். துண்டை மடித்தார், உதறினார், மறுபடி மடித்தார்.

"பயமா இருக்கும்மா."

"எதப் பாத்து?"

"தெரியல. தெரியாததுதான் பயமா இருக்கு."

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாதியை ஆவுடையப்பன் பக்கம் தள்ளினார். ஏழரை மணி வரை இருவரும் கீரை ஆய்ந்தார்கள். ஒரு கட்டுக் கீரைக்கு அது ரொம்ப நேரம்.

மறுநாளும் அப்படித்தான் போயிற்று.

மூன்றாம் நாள் கீரைக்கு அடங்கவில்லை.

"என்னை உள்ள வச்சுப் பூட்டிருங்கம்மா."

"பூட்டு இல்ல அண்ணாச்சி."

"அப்பக் கட்டிப் போடுங்க."

"கயிறும் இல்ல."

"என்னதான் இருக்கு உங்ககிட்ட?"

"நான் இருக்கேன்."

"அது போதாது," என்றார் ஆவுடையப்பன். சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

நூறு அடி போனதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினார். உலகம்மை.

"எங்க வாறீங்க?"

"நீங்க போற இடத்துக்கு."

"நான் கடைக்குப் போறேன். ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"தெரியும்."

"தடுக்க மாட்டீங்களா?"

"தடுத்தா என்னைத் தள்ளிவிட்டுட்டுப் போவீங்க. பெறகு அந்த வருத்தத்துக்கும் சேத்துக் குடிப்பீங்க."

அவர் வேகமாக நடந்தார். செருப்புச் சத்தமும் வேகமாயிற்று. அவர் மெதுவாக நடந்தார். அதுவும் மெதுவாயிற்று.

பாலத்தின் நடுவில் ஆவுடையப்பன் நின்றுவிட்டார்.

"இந்த இடத்துலதான்," என்றார்.

உலகம்மையும் நின்றார்.

"கடைசியா ஓட்டுன அன்னைக்கு வண்டி நிறைய ஆளு. ஸ்கூல் பிள்ளைங்க வேற. இங்க வரும்போது எனக்கு ரெண்டு பாலம் தெரிஞ்சுது. ஒண்ணு நேரா, ஒண்ணு கொஞ்சம் எடது பக்கமா. எது நெசம்னு தெரியல. கண்ண மூடிக்கிட்டு வளச்சேன். நெசப் பாலம்தான். அந்தக் கரையில எறங்கும்போது ஒரு பிள்ள, 'போயிட்டு வாறேன் தாத்தா'ன்னுச்சு."

கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இத யார்கிட்டயும் சொல்லல. எம் பொஞ்சாதிகிட்டகூட."

கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பஸ் கடந்து போனது. பாலம் லேசாக அதிர்ந்தது.

"சொல்லிட்டேன். ஆனாலும் வேணும்னுதான் இருக்கும்மா."

"இருக்கத்தான் செய்யும்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"இன்னைக்குள்ளது எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது."

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. மறுபடி நடந்தார். அக்கரையில் கடை விளக்கு தெரிந்தது. வாசலில் நிற்பவர்களின் முகங்கள்கூடத் தெரிந்தன. பாலம் முடிய இருபது அடி இருந்தது.

பின்னால் சத்தம் நின்றிருந்தது.

திரும்பிப் பார்த்தார். உலகம்மை சுவரை இறுகப் பிடித்தபடி நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. மூச்சு வாய் வழியாக வந்தது.

"என்னம்மா செய்யுது?"

"அந்தக் கடைக்கு ரெண்டு கடை தள்ளி ஒரு மருந்துக்கடை இருக்குல்லா?"

"இருக்கு."

"தூக்க மாத்திரை. கேட்டா சீட்டு இல்லாமக் குடுப்பான். ஒரு நாளைக்குப் பதினாலு முழுங்குன ஆளு நான். விட்டுப் பதினோரு வருஷம் ஆகுது. அதுக்குப் பெறகு இந்தப் பாலத்துல இவ்வளவு தூரம் வந்ததில்ல."



"பதினோரு வருஷம் கழிச்சுமா?"

"சில நாள். இன்னைக்கு மாதிரி."

"அப்ப எதுக்கும்மா வந்தீங்க?"

"நீங்க எறங்கிப் போன பெறகு அந்த வீட்ல நான் ஒத்தையிலதான் இருக்கணும். அதுக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

ஆவுடையப்பன் கடையின் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு உலகம்மை நின்ற இடத்துக்குத் திரும்பி வந்தார்.

"நீங்க முன்னால நடங்கம்மா," என்றார். "நான் பின்னாலயே வாறேன்."