குறத்தியின் மரக்கூடை

அந்தக் காலத்தில் குருவி கேட்டால் மனிதன் பதில் சொல்வான். மனிதன் கேட்டால் குருவியும் சொல்லும். யாருக்கும் அது அதிசயமாகப் படவில்லை.

அப்போது மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கொப்பையன் என்று ஒரு மரச்சிற்பி இருந்தான். கெட்டிக்காரன்தான். ஆனால் அதை நாலு பேர் சொல்லிக் கேட்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. கோயில் வாசலில் நிறுத்துவதற்கு ஆளுயரத்தில் ஒரு குறத்தி செய்யச் சொல்லியிருந்தார்கள். வேங்கை மரத்தில் முகம் அருமையாக வந்துவிட்டது. அவள் இடுப்பில் அணைத்திருந்த கூடைதான் சரியாக வரவில்லை.

அவன் மனைவி சடைச்சி மூங்கில் கூடை முடைந்து சந்தையில் விற்பவள். வந்து சுற்றிப் பார்த்தாள்.

"முகம் நல்லாத்தான் இருக்கு. இடுப்புல எதுக்குப் பூசணிக்காய வச்சிருக்கா?"

அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. பெண்டாட்டியிடம் கேட்டால் அவளே சொல்லித் தந்திருப்பாள். ஆனால் சிரித்தவளிடம் போய்க் கேட்பதா? நேராகக் கிணற்றடிக்குப் போனான். அங்கே சாய்ந்து நின்ற மரத்தில் ஒரு தூக்கணாங்குருவி கூடு கட்டிக்கொண்டிருந்தது.

"நார் எங்க அடியில போகுது, எங்க மேல வருதுன்னு கொஞ்சம் காட்டு" என்றான்.

"பாத்துக்க. இதுல ஒளிக்க என்ன இருக்கு?" என்றது ஆண் குருவி. எதற்கு என்று அது கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. அவன் கண்ணுக்குப் பிடிபடும்வரை ஒவ்வொரு நாரையும் மெதுவாகவே கோத்துக் காட்டியது.

கொப்பையன் திரும்பிவந்து உளியை எடுத்தான். முங்கி எழும் ஒவ்வொரு மூங்கில் பத்தையையும் அப்படியே செதுக்கினான். விளிம்பில் சிலும்பு நிற்பதைக்கூட விடவில்லை. உள்ளே குடைந்து அங்கும் பின்னல் போட்டான். இடுக்குகளில் விளக்குக்கரியைப் பூசியதும், உண்மையான கூடையில் தெரியும் சந்து போலவே இருந்தது. சிலையைக் கோயில் வாசலில், திறந்த வெளியில் நிறுத்தினார்கள். சடைச்சி தொட்டுப் பார்த்துவிட்டு, "தொட்டாத்தான் மரம்னு தெரியுது" என்றாள். அவள் வாயில் அதுவே பெரிய பாராட்டு. அவனுக்குத்தான் அது போதவில்லை.

ஒருநாள் பெருங்காற்று வீசிக் கிணற்றடிக் கூட்டைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. முட்டை வைக்கும் நேரம் நெருங்கிவிட்ட பெண் குருவி தவித்துப்போய் வந்து குறத்தியின் கூடையில் உட்கார்ந்தது. சிலைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த கொப்பையனைக் கேட்டது.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர்கிட்டக் கத்துக்கிட்டியே, அந்த முடைச்சலா இது?"

"அதேதான்."

"மழ பெஞ்சா தண்ணி கீழ வடிஞ்சிருமில்ல?"

அந்த இடத்தில், இது ஒரே கட்டை, சந்தே கிடையாது என்று ஒரு வார்த்தை உண்மையாகச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கூடு முடைகிற இனமே தன் வேலையைக் கூடை என்று நம்பிவிட்டதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"வடியாம எங்க போகும்?" என்றான்.

குருவி அந்தக் கூடைக்குள் முட்டையிட்டது. வானம் வெளுத்துத்தான் கிடந்தது. மழைக்கு முன்னால் அடியில் ஒரு துளை போட்டுவிடலாம் என்று அவன் நினைக்காமல் இல்லை. துளை போட்டால் வேலை கெடும், குருவிக்கும் விஷயம் தெரிந்துவிடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றே தள்ளிக்கொண்டு போனான். அதற்குள் குஞ்சு பொரித்துவிட்டது. இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள்.

அன்று சந்தை நாள். சடைச்சியோடு அவனும் போனான். குருவியையே ஏமாற்றிய கூடையைப் பற்றி அங்கே அவன் சொல்லச் சொல்ல, கூட்டம் வாய்பிளந்து கேட்டது. பிற்பகலில் திடீரென்று இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. சும்மா இல்லை, ஊற்றித் தள்ளியது. சத்திரத்துக்குள் ஒதுங்கி நின்ற கொப்பையனுக்கு அப்போதுதான் கூடை நினைவுக்கு வந்தது. மழையிலேயே ஓடினான்.

கூடை விளிம்புவரை நிறைந்திருந்தது. மூன்றும் மிதந்தன.

பெண் குருவி கூடைக்கு வெளியே தொற்றிக்கொண்டு, செதுக்கிய பத்தை ஒன்றைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு பத்தை நகர்ந்தால் போதும், தண்ணீர் வடிந்துவிடும் என்று நினைத்திருக்கிறது. அது வரவில்லையென்று அடுத்ததைக் கவ்வியது. வரிசை வரிசையாக எல்லாப் பத்தைகளிலும் அலகு பட்ட தடம் இருந்தது. கீழ்வரிசைகளில் ரத்தமும் இருந்தது. ஆண் குருவி குறத்தியின் தோளில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

கொப்பையன் இடுப்பில் செருகியிருந்த உளியால் கூடையின் அடியைக் குத்திப் பிளந்தான். தண்ணீர் கொட்டியது. இனி கொட்டி என்ன ஆகப்போகிறது?

பின்னாலேயே ஓடிவந்த சடைச்சி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கூடையில தண்ணி நிக்குமாய்யா?" என்றாள். அதற்குப் பிறகு அவனோடு நெடுநாள் அவள் பேசவில்லை.

பெண் குருவி சபிக்கவில்லை, அழவும் இல்லை. "நான் கேட்டேனே அண்ணே" என்று மட்டும் சொன்னது.

அதற்குப் பின் எந்தக் குருவியும் எந்த மனிதனிடமும் ஒன்றும் கேட்டதில்லை.

அன்று முதல்தான், ஆண் தூக்கணாங்குருவி எவ்வளவு அழகாகக் கூடு கட்டி வைத்துக் கூப்பிட்டாலும் பெண் குருவி உடனே உள்ளே போவதில்லை. வெளியே தொற்றிக்கொண்டு, ஒரு நாரை அலகால் கவ்வி, அது அசைகிறதா என்று இழுத்துப் பார்க்கிறது.