பேய்க்கப்பலைக் கண்ட மூன்று வள்ளங்கள்

கூனிமுனை என்ற கடற்கரை ஊருக்கு ஒரு பேய்க்கப்பல் உண்டு. பாய் கிழிந்து, பாய்மரத்தில் வெள்ளைத் துணி தொங்க, ஆளே இல்லாமல் பட்டப்பகலில் மிதந்து வருமாம். நேரில் பார்த்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் தன் மாமனாரைக் கைகாட்டுவார். மாமனார் தன் சித்தப்பாவைக் கைகாட்டுவார். சித்தப்பாவோ செத்து எத்தனையோ காலம் ஆயிற்று! ஆனாலும் ஊர் நம்பியது. அதற்கென்று ஒரு கட்டுப்பாடும் வைத்திருந்தது. கப்பலைக் கண்ட வள்ளம் அன்றைய மீனைக் கடலிலேயே கொட்டிவிட வேண்டும். அந்த மீனைத் தின்ற வீட்டில் சாவு விழும் என்பார்கள்.

அந்த ஊர் ரெஜினாளின் கணவன் லெயோன். ஓடு ஏற்றிக்கொண்டு தோணியில் கொழும்புக்குப் போனவன், புயலுக்குப் பிறகு திரும்பவில்லை. கடல் அடங்கியதும் வள்ளங்கள் மீன்பிடிக்கப் போயின. ரெஜினாள் கரையில் நின்று, திரும்பி வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள்: "எங்க வீட்டுக்காரர் தோணி கண்ணுல பட்டுச்சா?"

தொம்மை வெறுங்கூடையோடு இறங்கினார். "தோணி இல்ல தாயி, பேய்க்கப்பல்! கிட்டப் போய்க் கூப்பிட்டேன், பதிலே இல்ல" என்றவர், வீட்டுக்குப் போய்க் காய்ச்சலில் படுத்துவிட்டார். சந்தியாகு தூரத்திலேயே வெள்ளைத் துணியைக் கண்டு, மீனைக் கொட்டிவிட்டு ஓடிவந்திருந்தார்.

கஸ்பார் மட்டும், "என் கண்ணுல ஒண்ணும் படலியே" என்றார். அவர் வள்ளம் நிறையச் சீலா மீன். அன்றைக்குக் கரையில் வேறு மீனே இல்லாததால் வாங்குவதற்கு ஒரே அடிபிடி. அவர் மனைவி பிரகாசி, வாடிப்போய் நின்ற ரெஜினாளின் கையில் ஒரு துண்டைத் திணித்தாள். "கொண்டுபோய்க் குழம்பு வச்சு ஒரு வாய் சாப்பிடு. எங்க பிள்ளைகளுக்கும் இதைத்தான் பொரிக்கப் போறேன்."

"அது அவரு தோணியா இருந்தா? ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாங்களேன்" என்று ரெஜினாள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அழுதாள். ஒருவரும் வள்ளத்தை இறக்கவில்லை.

மறுநாள் அந்தக் கப்பல் தானாகவே வந்து மணல்திட்டில் தட்டி நின்றது. லெயோனின் தோணிதான். பாய்மரத்தில் தொங்கியது ரெஜினாளின் பழைய வெள்ளைச் சேலை. விரித்துப் படுக்க அவன் எடுத்துப் போனது. கூட வந்தவர்களைப் புயல் கொண்டுபோயிருந்தது. லெயோனுக்கு உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நேத்து மூணு வள்ளம் வந்துச்சு. பலகை இடுக்குல பார்த்தேன். எந்திரிக்க முடியல... குரலும் வரல" என்றான். வாயில் விட்ட தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. அத்தோடு போய்விட்டான்.

அடக்கம் முடிந்து, கோயில் வாசலில் ஊர் கூடியது. மூன்றாவது வள்ளம் யாருடையது என்று கேட்டார்கள். அந்தப் பக்கம் கஸ்பாரைக் கண்டதாகச் சந்தியாகு சொல்ல, கஸ்பாரும் ஒத்துக்கொண்டார். மூவரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "பேய்க்கப்பல்னு பயந்துட்டேன்."

ரெஜினாள் எழுந்தாள். "ரெண்டு பேர் சொல்றது நிசம். ஒருத்தர் பயப்படவே இல்ல" என்றாள்.

அந்த ஒருவர் யார்? ரெஜினாளுக்கு எப்படித் தெரிந்தது? மூவரில் யாரை மன்னிக்கலாம்? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை: கஸ்பார். பேய்க்கப்பல் என்று நம்பிய இருவரும் மீனைக் கொட்டினார்கள். நம்பியிருந்தால் கஸ்பாரும் கொட்டியிருப்பார். எந்தத் தகப்பன் அந்த மீனைத் தன் பிள்ளைகளுக்குப் பொரித்துப் போடுவான்? பேய் இல்லையென்றால் அது தத்தளிக்கும் யாரோ ஒருவருடைய தோணி. துணி கட்டினால் உதவி கேட்கிறார்கள் என்று கடலில் போகிற எவருக்கும் தெரியும். அதை இழுத்து வருவதற்குள் தன் மீன் கெட்டுவிடும் என்று கஸ்பார் விட்டுவிட்டு வந்தார், அவ்வளவுதான். "பயந்தவங்களை நான் மன்னிச்சிட்டேன். நீங்க பயப்படலியே, கஸ்பாரண்ணே" என்றாள் ரெஜினாள். ஊரில் சிலர் இன்றும், "பார்த்தீங்களா, அந்த மீனைத் தின்ன ரெஜினாள் வீட்டுல சாவு விழுந்துருச்சு, கதை நிசம்தான்" என்கிறார்கள். கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. கஸ்பார் வீட்டிலும் அதே மீனைத்தான் தின்றார்கள். அங்கே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.