நீச்சல் தெரிந்தவர்கள் மட்டும்

குழந்தைவேலு ஹெட்மாஸ்டருக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. பரிசலில் ஆற்றைத் தாண்டி அக்கரை மடத்துக்கு வந்த மனுஷன், உட்காருவதும் எழுவதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாகத் தவித்துக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலைச் சாயந்திரம் நாலு மணிக்குள் கல்வி அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். பட்டியல் அவர் பையில் இருந்தது. கூடவே ஒரு டி.சி.யும் இருந்தது. இரண்டிலும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

மடத்தம்மா முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஹெட்மாஸ்டரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். இருந்தாலும் பதினோரு வருஷமாக எந்தச் சிக்கலையும் அவர் முன்னால் கொண்டுவந்து கொட்டினால்தான் இவருக்கு ராத்திரி தூக்கம் வரும்.

"சொல்லுங்க சார்."

"எங்க பள்ளிக்கூடத்துல ஏழு வருஷமா பத்தாவதுல எல்லாரும் பாஸுங்கம்மா. வாசல்ல போர்டே வெச்சிருக்கறோம்."

"பஸ்ஸுல போறப்பப் பார்த்தேன். நல்லாப் பெரிசா இருக்குது."

"இந்த வருஷம் நாப்பத்தியொரு பேரு. நாப்பது பேரு கண்ணை மூடிட்டுப் பாஸாயிருவாங்க. ஒரு பொண்ணு மட்டும் கணக்குல பதினொண்ணு, பதிமூணுன்னு வாங்கிட்டு நிக்கிது."

"அவளை என்ன பண்ணப் போறீங்க?"

"டி.சி. குடுத்துட்டா வெளியில இருந்து தனியா எழுதிக்கலாமுங்க. நிர்வாகம் அப்படித்தான் சொல்லுது. அவளுக்கும் அதுதான் நல்லதுன்னு..." ஹெட்மாஸ்டர் மீதியை முழுங்கிவிட்டார்.

"அவகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"நேத்துச் சொன்னேனுங்க. கணக்கை நல்லாக் கத்துக்கிட்டு வா, அப்புறம் சேத்துக்கறேன்னு."

"அழுதாளா?"

"இல்லீங்க. 'யாருகிட்டப் போயிக் கத்துக்கட்டும் சார்?'னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதுக்குள்ள மணி அடிச்சிருச்சுங்க."

மடத்தம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"பத்தாவதுக்குக் கணக்கு யாரு எடுக்கறாங்க?"

"நான்தானுங்க."

மடத்தம்மா கீரையைக் கீழே வைத்தார். சமையல்கட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பரிசல்காரி பாவாயியைக் கூப்பிட்டுக் காதோடு ஏதோ சொன்னார். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடினாள்.

"நேரமாச்சு, கெளம்புங்க சார்," என்றார் மடத்தம்மா.

ஹெட்மாஸ்டருக்குச் சுருக்கென்றது. டி.சி.யில் கையெழுத்துப் போடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதைக் கேட்கவா வேலையை விட்டுவிட்டு இத்தனை தூரம் வந்தோம் என்று மனசுக்குள் பொருமிக்கொண்டே, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி துறைக்கு இறங்கினார்.

பாவாயி துடுப்பைக் குறுக்கே நீட்டினாள்.

"சாருக்கு நீச்சல் தெரியுங்களா?"

"தெரியாது. பதினோரு வருஷமா ஏத்திட்டுப் போறே, இன்னிக்கு என்ன புதுசாக் கேள்வி?"

"இன்னிலருந்து நீச்சல் தெரிஞ்சவங்களை மட்டுந்தான் ஏத்தறதுங்க. அம்மா சொல்லிட்டாங்க. ஏழு வருஷமா இந்தத் துறையில ஒரு உசுரு போனதில்லை. அந்தப் பேரு கெட்டுறக் கூடாதில்லீங்களா?"

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே காலைத் தூக்கினார். அவள் பரிசலை ஒரு கஜம் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

பின்னாலேயே கடலைக்காய் மூட்டையோடு ஒரு ஆள் வந்தான். சின்ன வயசிலிருந்து இந்த ஆற்றிலேயே கிடந்தவனாம். "ஏறிக்குங்க," என்றாள் பாவாயி. பரிசலே இல்லாவிட்டாலும் ஆற்றைக் கடக்கக்கூடிய அந்த ஆள், பரிசலில் மாப்பிள்ளை மாதிரி சாய்ந்து உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டு போனான். ஹெட்மாஸ்டர் கரையில் நின்று பார்த்தார். பாலத்தைச் சுற்றிப் போனால் இருபது கிலோமீட்டர். பஸ் கிடையாது. மணி இரண்டரை.

பாவாயி வெறும் பரிசலோடு திரும்பி வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"நாலு மணிக்குள்ள நான் போயாகணும் பாவாயி. என்னதான் பண்ணச் சொல்றே?"

"நீச்சலை நல்லாக் கத்துக்கிட்டு வாங்க சார். அப்புறம் ஏத்திக்கறேன்."

"ஏம்மா, உனக்கு மனசாட்சி இருக்குதா? நான் யாருகிட்டப் போயிக் கத்துக்கட்டும்?"

கேட்ட பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. நேற்று மணி அடிப்பதற்கு முன்னால் கேட்ட குரல். ஹெட்மாஸ்டர் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்.

மேட்டிலிருந்து மடத்தம்மா கீரைக்கறை படிந்த கையோடு இறங்கி வந்தார்.

"இன்னுமா ஏத்தலை?"

"சாருக்கு நீச்சல் தெரியாதாமுங்க," என்றாள் பாவாயி. "ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நம்ம பேரு என்னத்துக்கு ஆகிறது?"

"ஏத்திக்க பாவாயி. நீச்சல் தெரியாதவங்களுக்குத்தானே பரிசல்."

அவள் துடுப்பை விலக்கினாள். ஹெட்மாஸ்டர் ஏறி உட்கார்ந்தார். மடத்தம்மாவைக் கும்பிடக்கூட மறந்துபோனார்.

ஆற்றின் நடுவே போனதும் பையைத் திறந்து பட்டியலை எடுத்தார். டி.சி.யை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நாற்பதாவது பெயருக்குக் கீழே நாற்பத்தியொன்று என்று எண் போட்டு, கோகிலவாணி என்று எழுத ஆரம்பித்தார். பரிசல் சுழன்றதில் எழுத்து கோணல்மாணலாக விழுந்தது.

"கரைக்குப் போயி எழுதலாமில்லீங்களா சார்?" என்றாள் பாவாயி.

அவர் தலையை நிமிர்த்தவில்லை.